புதுப்பிப்பு: கேவியில் சேமித்தும் "பக்கம் இல்லை" என்று வந்த சிக்கல் தீர்ந்தது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் கேவியில் (கீ ஒன்றுக்கு ஒரு மதிப்பு என்று தரவை வைக்கும் சேமிப்பு) புதுப் பொருளைச் சேமித்த பிறகும், லோடர் (பக்கத்துக்கான தரவை எடுத்துத் தரும் கோடு) ஏன் 404 காட்டுகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது. தவறு என் கோடில்தான்.

சேமிப்பதற்கு முன், "பொருள்:412" என்ற கீ ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு கெட் (படிக்கும் அழைப்பு) போட்டுப் பார்த்தேன். நல் ("எதுவும் இல்லை") வந்தது, எழுதினேன், அந்தப் பக்கத்துக்கே ரீடைரக்ட் செய்தேன். கேவி அந்த "இல்லை" என்ற பதிலையும் கேஷ் செய்துகொள்ளும், அதாவது கொஞ்ச நேரம் வைத்திருந்து அதையே திருப்பித் தரும். இயல்பாக 60 விநாடி. அதனால் லோடருக்கும் பழைய நல்தான் கிடைத்தது. என் லேப்டாப்பில் இது தெரியவே இல்லை, ஏனென்றால் ராங்ளர் டெவ் (கிளவுட்ஃப்ளேர் கோடைச் சோதித்துப் பார்க்கும் கருவி) உள்ளூர்ச் சேமிப்பில் ஓடுகிறது, அங்கே எழுதியது உடனே வந்துவிடும். இதற்காக இரண்டு இரவு முழித்தேன்.

இப்போது பொருள் விவரம் கிளவுட்ஃப்ளேரின் டி1 தரவுத்தளத்தில் இருக்கிறது. சேமித்ததும், அந்தச் சேமிப்பைச் செய்கிற ஆக்‌ஷனே புது மதிப்பைத் திருப்பித் தருகிறது. கேவியில் மெனு, முகப்புப் பட்டியல் மாதிரி அடிக்கடி படித்து அரிதாக மாற்றுபவை மட்டும். அதற்கு அது அருமையாக வேலை செய்கிறது.

இன்னொன்று: லோடரில் ஐந்து கெட்டை ஒன்றன்பின் ஒன்றாக அவெய்ட் செய்து காத்திருந்தேன். ஐந்துக்கும் ஒரே நேரத்தில் காத்திருக்கும் ப்ராமிஸ்.ஆல் போட்டதும் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகமாகிவிட்டது.

"முதல் கெட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்று சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. ஸ்டாக் எண்ணிக்கையை எங்கே வைப்பது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. கேவியில் நிச்சயம் இல்லை.