புதுப்பிப்பு: கெடு தவறாமல் மின்சாரம் மிச்சம்

பேட்டரியில் ஓடும் லினக்ஸ் போர்டில் மூன்று நிகழ்நேரப் பணிகள் (ஒவ்வொரு முறையும் குறித்த கெடுவுக்குள் முடிந்தாக வேண்டியவை) இருப்பதாகவும், கெடு தவறிவிடுமோ என்ற பயத்தில் பிராசசரை எப்போதும் உச்ச வேகத்தில் வைத்திருப்பதாகவும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது அதை மாற்றிவிட்டேன்.

பணிகள் இவை: 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 2 மில்லிசெகண்டு வேலை, 20-க்கு ஒருமுறை 3, 50-க்கு ஒருமுறை 5. கூட்டினால் பிராசசர் நேரத்தில் 45 சதவீதம்தான். கெடு நெருங்கியதை முதலில் ஓட்டும் முறையில் (1973-இல் லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் நிரூபித்தபடி) கூட்டுத்தொகை நூறைத் தாண்டாதவரை எந்தக் கெடுவும் தவறாது. ஆக, கணக்குப்படி பாதி வேகமே போதும். ஆனால் நினைவகத்துக்குக் காத்திருக்கும் நேரம் கடிகார வேகத்தோடு சேர்ந்து மாறாது என்பதால், குறைந்த வேகத்திலும் தனியாக அளந்து பார்த்தேன்.

பணிகளை, கெடு நெருங்கியதை முதலில் ஓட்டும் லினக்ஸின் ‘ஷெட்_டெட்லைன்’ வகுப்புக்கு மாற்றி, கவர்னராக (பிராசசர் வேகத்தை முடிவு செய்யும் பகுதி) ‘ஷெட்யூடில்’ வைத்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.16 பதிப்பிலிருந்து இரண்டும் பேசிக்கொள்கின்றன: டெட்லைன் பணிகளுக்கு எவ்வளவு வேகம் தேவை என்பது கவர்னருக்குத் தெரியும். சில சிப்களில் வேகத்தை மாற்றும் கெர்னல் த்ரெட்டே (கெர்னலுக்குள் ஓடும் பணி) ஒரு டெட்லைன் பணியாகத்தான் ஓடுகிறது, வேடிக்கைதான்!

வேகத்தைக் குறைப்பதற்குப் பதில், “வேலையை வேகமாக முடித்துவிட்டுப் பிராசசரைத் தூங்க விடுங்கள்” என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதுவும் சரிதான், ஆனால் சிப்பைப் பொறுத்தது. மின்னழுத்தமும் சேர்ந்து இறங்கினால்தான் வேகத்தைக் குறைப்பதில் லாபம், ஏனென்றால் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. என் போர்டில் வேகத்தின் கடைசி இரண்டு படிகளுக்கும் ஒரே மின்னழுத்தம். அதனால் குறைந்தபட்ச வேகத்தை அந்த இரண்டில் மேல் படியிலேயே நிறுத்திவிட்டேன்.