வீட்டில் இருக்கும் 200 ஜிபி பாட்டுக்கு எந்த ப்ளேயர் வாங்கலாம்?

காவேரிக்கரை:
வணக்கம். அப்பா பல வருஷமாக வாங்கிச் சேர்த்த கர்நாடக சங்கீத சிடிக்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. நானும் தம்பியுமாக எல்லாவற்றையும் தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளாக மாற்றி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டோம். கேசட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியவை, பழைய சினிமாப் பாட்டு எம்பி3கள் எல்லாம் சேர்த்தால் 200 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு.

அப்பாவுக்கு 74 வயது. ஃபோனில் கேளுங்கள் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். தோடி ஆலாபனை மேலே போய்க்கொண்டிருக்கும்போது கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கால் வருகிறதாம். நியாயமான புகார்தான். அதனால் பாட்டுக்கு மட்டும் தனியாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். சட்டைப்பையில் வைத்தபடியே அழுத்த பட்டன் வேண்டும், மெமரி கார்டு போட வேண்டும், கம்பி ஹெட்போன் மாட்ட வேண்டும். பாதிப் பாட்டுகளுக்குப் பெயரைத் தமிழிலேயே கொடுத்திருக்கிறோம், அது ஒழுங்காகத் தெரிய வேண்டும். 15,000 ரூபாய் வரை என்று நினைத்தேன், கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை.

ஆப்பிள் தன் ஐபாட் ப்ளேயரை 2022லேயே நிறுத்திவிட்டது. கடையில் போய்க் கேட்டால் ப்ளூடூத் ஸ்பீக்கரைக் காட்டுகிறார்கள். இணையத்தில் தேடினால் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி, இரட்டை டாக் என்று என்னென்னவோ வருகிறது. இதில் எதைப் பார்த்து வாங்குவது?

ஹைரெஸ்_குமார்:
எடுப்பதுதான் எடுக்கிறீர்கள், நல்ல டாக் சிப், அதாவது டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் சிப், உள்ளதாகப் பார்த்து எடுங்கள் ப்ரோ. இரண்டு சிப், 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ், இதெல்லாம் இல்லாவிட்டால் ஃபோனிலேயே கேட்டுவிடலாம். தனி ப்ளேயர் எதற்கு?

மயிலைக் காது:
குமார், அவர் கேட்டது என்ன, நீங்கள் சொல்வது என்ன. சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எடுத்த சாம்பிள்கள். அதில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி பதிவாகிவிடும், 74 வயதுக் காதுக்கு அதில் பாதிக்கு மேலே பெரும்பாலும் கேட்கவே கேட்காது. கேசட்டில் இருந்து ஏற்றியதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் இருக்கிற 'ஸ்ஸ்' சத்தத்தை 192ல் கேட்டு என்ன ஆகப்போகிறது. இன்றைக்கு வரும் சுமாரான ப்ளேயரின் சிப் கூட சிடிக்குப் போதும். மிஞ்சுகிற காசை ஹெட்போனில் போடுங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

கச்சேரி கேட்கிறவர் பார்க்க வேண்டியது வேறு. முதலில், ஒரு டிராக்கில் இருந்து அடுத்ததற்கு இடைவெளி இல்லாமல் போகிறதா. கச்சேரி சிடிக்களில் ராகம், தானம், பல்லவி என்று டிராக் பிரித்திருப்பார்கள், ஆனால் பாடுகிறவர் நிறுத்தியிருக்க மாட்டார். மோசமான ப்ளேயர் ஒவ்வொரு எல்லையிலும் அரை விநாடி ஊமையாகும். தனி ஆவர்த்தனம் முடிந்து தீர்மானம் விழுந்து பாடகர் பல்லவியை எடுக்கிற இடத்தில்தான் டிராக்கும் மாறும், அங்கே ஒரு விநாடி வெட்டு விழுந்தால் அப்பா ப்ளேயரைத் தூக்கி எறிந்துவிடுவார். ஃப்ளாக்கில் இந்தத் தொல்லை குறைவு. எம்பி3 சத்தத்தை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக வெட்டித்தான் வைக்கும், கணக்குச் சரியாக வர முன்னாலும் பின்னாலும் வெறும் மௌனத்தை நிரப்பிவிடும். எவ்வளவு நிரப்பியது என்று லேம் போன்ற எம்பி3 ஆக்கும் மென்பொருள்கள் கோப்பிலேயே குறித்து வைக்கும், அதைப் படித்து வெட்டுகிற புத்தி ப்ளேயருக்கு இருக்க வேண்டும்.

அடுத்தது, விட்ட இடத்தில் இருந்து தொடர்வது. கேசட்டின் ஒரு பக்கத்தை அப்படியே 45 நிமிஷக் கோப்பாக வைத்திருப்பீர்கள். நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் முதலில் இருந்து ஆரம்பிக்கக் கூடாது.

மூன்றாவது, ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்க்கும் வசதி. டேக் (கோப்புக்குள் எழுதியிருக்கும் பாட்டு, பாடகர் பெயர் விவரம்) எல்லாம் சுத்தமாக இருந்தால் இது தேவையில்லை, ஆனால் நம் வீடுகளில் டேக் சுத்தமாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஊர்சுற்றி:
தமிழ் எழுத்து விஷயத்தை யாரும் தொடவில்லையே, முக்கியமே அதுதான். சின்ன ப்ளேயர்கள் பலவற்றில் ஆண்ட்ராய்டு கிடையாது, கம்பெனியின் சொந்த மென்பொருள்தான். தமிழ் எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியாதவை உண்டு. யூனிகோடில் 'தெ' என்பது த முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும்தான் சேமிக்கப்படுகிறது, திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் வேலை. அது தெரியாத ப்ளேயரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ'வின் துணைக்கால் எங்கேயோ தொங்கும், புள்ளி தனியாக ஒரு வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துருவே இல்லாததில் வெறும் கட்டம் கட்டமாக வரும். நான் வைத்திருந்த ஒன்றில் எல்லாப் பாட்டும் கட்டம்தான், எது ஆபேரி ராகம் எது காபி ராகம் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே கடையில் வாங்கினால், தமிழ்ப் பெயர் வைத்த ஒரு பாட்டைக் கார்டில் போட்டு எடுத்துப் போங்கள், அங்கேயே செருகிப் பாருங்கள். ஆன்லைனில் என்றால் திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆண்ட்ராய்டு உள்ளதென்றால் இந்தக் கவலை இல்லை. சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306 ஆண்ட்ராய்டுதான், 3.6 அங்குலத் திரை, கார்டு போடலாம், 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக் இருக்கிறது, பக்கவாட்டில் நிறுத்த, முன்னால் பின்னால் போக, சத்தம் ஏற்ற இறக்க நிஜ பட்டன்கள் இருக்கின்றன. சிடி தர ஃப்ளாக்கில் 36 மணி நேரம் வரை பேட்டரி நிற்கும் என்பது கம்பெனிக் கணக்கு. விலைதான் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

பழைய சாமான்:
என் ஓட்டு பழைய ஐபாட் கிளாசிக்குக்கு. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே ஓட்டலாம், அதன் முன்பக்கச் சக்கரத்துக்கு இன்றுவரை மாற்று வரவில்லை. உள்ளே இருப்பது 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு மாட்டித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், கூடவே பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள். ஆப்பிள் மென்பொருளில் ஃப்ளாக் ஓடாது, ராக்பாக்ஸ் என்ற இலவச மாற்று மென்பொருளை ஏற்றிக்கொண்டால் ஃப்ளாக்கும் ஓடும், இடைவெளியும் விழாது, ஆப்பிளின் ஐட்யூன்ஸ் வழியாகப் பாட்டு ஏற்றும் தொல்லையும் கிடையாது, சும்மா இழுத்துப் போட்டால் போதும்.

ஊர்சுற்றி:
நானும் ராக்பாக்ஸ் கட்சிதான், ஆனால் தமிழ் அதிலும் கோக்காது. பாட்டுப் பெயரை எல்லாம் ஆங்கில எழுத்தில் வைத்தால்தான் சரிப்படும். தவிர, 74 வயதுக்காரரிடம் செகண்ட் ஹாண்டு ஐபாடைக் கொடுத்துவிட்டு அது உறைந்து நின்றால் எந்த இரண்டு பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்று யார் சொல்லிக்கொடுப்பது?

பழைய சாமான்:
அதுவும் சரிதான். எனக்குப் பிடித்ததைச் சொன்னேன்.

கம்பி ஹெட்போன்:
காசே செலவழிக்காத வழி ஒன்று சொல்கிறேன். மேசை டிராயரில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனை எடுங்கள், கார்டு போடும் இடமும் ஹெட்போன் ஓட்டையும் இருந்தால் அதிர்ஷ்டம். சிம்மைக் கழற்றுங்கள், முழுதாக ரீசெட் செய்யுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள், இனி எந்த பேங்க்காரனும் கூப்பிட முடியாது. மியூசிகோலெட் என்று ஒரு செயலி இருக்கிறது, இலவசம், விளம்பரம் கிடையாது, இணையத்தையே தொடாது, ஃபோல்டர் வாரியாகவும் காட்டும். தமிழ் அழகாகத் தெரியும். ஹெட்போன் ஓட்டை இல்லாத ஃபோன் என்றால் டைப்-சியில் செருகும் சின்ன டாக் வாங்கிக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தே கிடைக்கிறது.

இதில் குறை ஒன்றுதான்: பழைய பேட்டரி. பின்மூடி லேசாக உப்பியிருந்தால் அந்த ஃபோன் வேண்டவே வேண்டாம்.

காவேரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. பழைய ஃபோன் ஒன்று இருக்கிறது, இன்று காலை சிம் இல்லாமல் மியூசிகோலெட் போட்டுக் கொடுத்தேன். பாட்டுத் தரத்தில் அப்பாவுக்குக் குறை இல்லை. ஆனால் பையில் வைத்தால் திரையில் துணி உரசிப் பாட்டு மாறிவிடுகிறது என்கிறார். பட்டன் கட்டாயம் வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது, சோனியைத்தான் வாங்கப் போகிறேன். தம்பி பாதி தருகிறான்.

இரண்டு சந்தேகம் மீதி இருக்கிறது. கார்டு எவ்வளவு எடுப்பது? அப்புறம், ஃபோனில் பார்த்தபோது பாடகர் பட்டியலில் எஸ்.பி.பி. மட்டும் ஏழெட்டு இடத்தில் வருகிறார், இதை எப்படி ஒழுங்கு செய்வது?

மயிலைக் காது:
எஸ்.பி.பி.யின் இனிஷியல் ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். புள்ளிக்குப் பின் இடம் விட்டது, விடாதது, பாலசுப்ரமணியம், பாலசுப்பிரமணியம், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ப்ளேயருக்கு எல்லாம் வேறு வேறு ஆள். ஜானகியோடு பாடியது தனி, ஜானகி பெயர் முதலில் வந்தால் அதுவும் தனி. எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு, கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயராக மாற்றுங்கள். சினிமாப் பாட்டுக்கு 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகச் சிதறும்.

கச்சேரிக்கு நான் செய்வது: ஆர்ட்டிஸ்ட் பாடகர், கம்போசர் தியாகராஜரோ தீட்சிதரோ, 'ஜானர்' கட்டத்தில் ராகத்தின் பெயர். எல்லாக் கோப்பிலும் 'கர்நாடகம்' என்று எழுதி வைத்து யாருக்கு என்ன பயன்? ராகத்தைப் போட்டால் அப்பா கல்யாணியைத் தொட்டதும் வீட்டில் இருக்கிற கல்யாணி அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்.

படங்களையும் பாருங்கள். சிடி அட்டையை ஸ்கேன் செய்து 5 எம்பி படமாக ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் வைத்திருந்தால் 500க்கு 500 அளவுக்குச் சுருக்குங்கள், பட்டியல் சீக்கிரம் திறக்கும்.

கம்பி ஹெட்போன்:
கார்டு 256 ஜிபியே போதும். சிடி ஃப்ளாக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300, 400 எம்பிதான். இன்னும் சேர்ப்பீர்கள் என்றால் 512 எடுங்கள். ஆனால் பாதி விலைக்கு 1 டிபி என்று வருவதைத் தொடாதீர்கள், உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், கம்ப்யூட்டரில் மட்டும் 1 டிபி என்று காட்டும். நிரம்பிய பிறகு போடும் பாட்டெல்லாம் காணாமல் போகும், அல்லது கரகரக்கும். எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். 256 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஹைரெஸ்_குமார்:
சோனியா, சரி, நல்ல தேர்வுதான். ஹெட்போன் என்ன வாங்கப் போகிறீர்கள்? அதையும் இங்கேயே கேளுங்கள் ப்ரோ.

காவேரிக்கரை:
காதுக்குள் செருகுவது அவருக்கு ஆகாது, காதின் மேல் உட்காருகிற மாதிரி, எடை குறைவாக, 3,000க்குள். தலையை இறுக்கக் கூடாது. சொல்லுங்கள்.