வேர்ட் கோப்பில் கருத்துரைகள் மறைந்தன. மஞ்சள் மட்டும் போகவில்லை

தும்பைப்பூ:
கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று அச்சுக்குப் போக வேண்டும். வேர்ட் கோப்பை நான்கு பேர் பார்த்துக் குறித்துத் தந்தார்கள். ரிவ்யூவில் ‘நோ மார்க்கப்’ கொடுத்தால் ஓரத்துக் கருத்துரைகள் மறைகின்றன, மஞ்சள் பூச்சு அப்படியே நிற்கிறது. பிடிஎஃப்பிலும் வருகிறது. தலைப்புகளுக்குப் பின்னால் உள்ள சாம்பல் நிறம் போகாமல் மஞ்சளை மட்டும் எடுக்க வழி உண்டா?

மெய்ப்புக்காரன்:
தடித்த எழுத்து, சாய்வெழுத்து போல மஞ்சளும் எழுத்தின் வடிவமைப்போடு சேர்ந்தது. ‘நோ மார்க்கப்’ அதைத் தொடாது. கருத்துரைகளைக்கூட அது மறைக்கிறதே தவிர அழிப்பதில்லை. இப்படியே அனுப்பினால் அச்சகத்தார் உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில் ‘டிராக் சேஞ்சஸ்’ அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நீக்கமும் திருத்தமாகப் பதிவாகி ஓரம் நிரம்பிவிடும். பிறகு கன்ட்ரோல்-எச். ஃபைண்ட் கட்டத்தில் எதுவும் எழுதாமல் மோர், ஃபார்மட், ஹைலைட். ரீப்ளேஸ் கட்டத்தில் அதே ஹைலைட்டை இரண்டு முறை கொடுத்தால் ‘நாட் ஹைலைட்’ என்று வரும். ரீப்ளேஸ் ஆல். சாம்பல் நிறம் ‘ஷேடிங்’ வழியாகப் போட்டதென்றால் அதற்கு ஒன்றும் ஆகாது.

நாற்காலி:
பொறுங்கள். மஞ்சள் பூசிய இடங்களிலெல்லாம் கருத்துரையும் இருக்கிறதா?

தும்பைப்பூ:
பாதிக்கு இல்லை. உத்திரமேரூர் பற்றிய கட்டுரையில் ‘919’ என்ற ஆண்டு மட்டும் மஞ்சளாக இருக்கிறது. பூசியவர் யாரென்றே தெரியவில்லை.

நாற்காலி:
அதற்குத்தான் கேட்டேன். குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இரண்டு: ஒன்று 919, மற்றது 921. இரண்டாவதையும் சேர்க்கச் சொல்கிறாரா, சான்று கேட்கிறாரா, ஆண்டே தவறு என்கிறாரா? வெறும் வண்ணத்தை வைத்து எதைத் திருத்துவது? மஞ்சளை அழிக்கும் முன் கோப்பை நால்வருக்கும் திருப்பி அனுப்பி, அவரவர் பூசிய இடத்தில் கருத்துரை எழுதச் சொல்லுங்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-எம் அழுத்தினால் போதும். அடுத்த தொகுப்புக்கு கூகுள் டாக்ஸில் ‘கமென்டர்’ உரிமை மட்டும் கொடுத்துவிடுங்கள், வண்ணம் பூசினாலும் பூசியவர் பெயரோடு பரிந்துரையாகத்தான் பதிவாகும்.

தும்பைப்பூ:
நகலில் செய்து பார்த்தேன், மஞ்சள் போய்விட்டது. ஒரே ஒரு தலைப்பில் சாம்பலும் சேர்ந்து போனது. அந்தக் கட்டுரையாளர் ஹைலைட்டாகவே போட்டிருந்தார் போலிருக்கிறது. அதைக் கையால் சரிசெய்துகொள்கிறேன். மூலக் கோப்பு நால்வருக்கும் போயிருக்கிறது.

மெய்ப்புக்காரன்:
பதில்கள் வந்து திருத்தி முடித்ததும் ‘அக்செப்ட் ஆல் சேஞ்சஸ்’ கொடுங்கள். கருத்துரைகளை ‘ரிசால்வ்’ செய்தால் கோப்புக்குள்ளேயே கிடக்கும். ரிவ்யூவில் டிலீட்டின் கீழ் எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கும் தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.