முளைகட்டுன பயறு ஃபிரிட்ஜ்ல இருந்தா கிருமி வளராதுதானே?

கேள்வி:
முளை நல்லா வந்ததும் டப்பால போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சு மூணு நாலு நாளைக்குப் பச்சையாவே சாப்பிடுறோம். வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, அதான் யோசனையா இருக்கு. எத்தனை டிகிரில வச்சா சேஃப்? கெட்டுப்போனா வாசனையே காட்டிக்குடுத்துடும்னு சொல்றாங்களே, அது சரியா?

பதில் 1:
வாசனைய மட்டும் நம்பாதீங்கங்க. நாத்தம் அடிக்கிறது, பிசுபிசுன்னு ஆகுறது எல்லாம் வேற பாக்டீரியா பண்ற வேலை. சால்மோனெல்லா, ஈ.கோலி மாதிரி ஆளைப் படுக்க வைக்கிறது எவ்ளோ இருந்தாலும் பயறு பாக்க ஃப்ரெஷ்ஷா மொறுமொறுன்னுதான் இருக்கும்.

டெம்பரேச்சர் 5 டிகிரி இல்ல அதுக்கும் கீழ இருக்கணும். சால்மோனெல்லாவும் ஈ.கோலியும் 7 டிகிரிக்குக் கீழ வந்தா ரொம்ப மந்தமாயிடும், 5க்குக் கீழ கிட்டத்தட்ட வளர்ச்சியே நின்னுடும். ஆனா 37 டிகிரி மாதிரி அதுக்குப் புடிச்ச சூட்டுல ஈ.கோலி 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பாகும், கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரே ஒரு கிருமி எட்டு மணி நேரத்துல ஒன்றரை கோடியத் தாண்டிடும். அதனால முளை வந்ததும் வெளிய வச்சிருக்காம உடனே உள்ள வைங்க.

பதில் 2:
மேல சொன்னது சரிதான், ஆனா முக்கியமான விஷயம் ஒன்னு விட்டுப்போச்சு. குளிர் கிருமியக் கொல்லாது, வளர விடாம நிறுத்தி வைக்கும், அவ்ளோதான். கிருமி பெரும்பாலும் விதையோடவே வருது, தோல்ல இருக்குற சின்னச் சின்னக் கீறல்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், நாம ஊற வச்சு ஈரத்துணில கட்டி வெதுவெதுப்பா வைக்கிற அந்த ரெண்டு மூணு நாள்ல பயறு முளைக்கிறதுக்குத் தோதான அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் தோதா அமைஞ்சுடுது. அப்போ ஃபிரிட்ஜுக்குள்ள போறப்பவே அது பெருகித்தான் போகுது. கழுவுனாலும் முழுசாப் போகாது.

2011ல ஜெர்மனில வெந்தய முளைல இருந்து ஈ.கோலி பரவி கிட்டத்தட்ட 4000 பேருக்கு உடம்புக்கு முடியாம போச்சு, 50 பேருக்கு மேல இறந்துட்டாங்க. லிஸ்டீரியான்னு இன்னொன்னு இருக்கு, அது ஃபிரிட்ஜ் குளிர்லயே மெதுவா வளரும், மாசமா இருக்குறவங்க இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, அப்போ குழந்தைக்குக் குடுக்கவே கூடாதா? சுடுதண்ணில ஒரு முக்கு முக்கி எடுத்தா போதுமா?

பதில் 2:
தாராளமாக் குடுங்க, பச்சையா மட்டும் வேண்டாம். சும்மா முக்கி எடுத்தா மேல மட்டும்தான் சூடாகும், உள்ள வரைக்கும் ஆவி பறக்க வேகணும். வயசானவங்க, எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்குறவங்களுக்கும் இதே மாதிரி வேக வச்சே குடுங்க. வெந்ததையும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க.

பதில் 3:
ஃபிரிட்ஜ் டயல்ல இருக்குற 1, 2, 3 எல்லாம் டிகிரி இல்லங்க, நிறைய பேர் அப்படித்தான் நினைச்சுக்குறாங்க. ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டுல ராத்திரி பூரா வச்சுட்டு காலைல பாருங்க, 5க்கு மேல காட்டுனா டயலைக் குளிர் கூடுற பக்கமாத் திருப்புங்க. டப்பாவை கதவுல வைக்காதீங்க, திறக்கத் திறக்க சூடு ஏறுற இடம் அது.