கடலோரத்தில் வெட்டிச் சுடும் பிஸ்கட்: உங்கள் அனுபவம் எப்படி?

கீழக்கரையிலிருந்து:

சுட்ட பிஸ்கட் ரெண்டு நாளில் நமுத்துப்போகிறது என்று நம்மில் சிலர் குறைப்படுவதுண்டு. உப்புக்காற்றில் முறுக்கே நிற்காது, பிஸ்கட் எங்கே நிற்கும்? அதனால் நான் பிஸ்கட்டை டப்பாவில் அடைப்பதில்லை. மாவை உருளையாக உருட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். விருந்தாள் வந்தால் வேண்டியதை மட்டும் வெட்டிச் சுடுவது. அமெரிக்காவில் 1930-களில், வீடுகளுக்கு ஃப்ரிட்ஜ் வரத் தொடங்கிய காலத்தில் பிரபலமான முறை இது. ஐஸ்பாக்ஸ் குக்கீ என்பார்கள். அவர்களைவிட நமக்குத்தான் இது அதிகம் உதவும் என்பேன்.

மைதா 300 கிராம், வெண்ணெய் 200, பொடித்த சர்க்கரை 100, ஒரு முட்டையின் மஞ்சள் கரு. பாக்கெட் வெண்ணெயில் உப்பு இருந்தால் தனியாகப் போட வேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, கருவைச் சேர்த்து, கடைசியில் மைதா. ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள், பிசையப் பிசைய பிஸ்கட் கல்லாகும். நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, குறைந்தது ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். இறுகியதும் ஃப்ரீசருக்கு மாற்றிவிடலாம்.

வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரை மாதத்து மதியத்தில் நம் அடுப்படியே அந்தச் சூடுதான். சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு, வெயில் ஏறுமுன் இந்த வேலையை முடிப்பது நல்லது. ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கொஞ்சம் திருப்புங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் தட்டையாகும். அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம். வெட்டியதைத் தட்டோடு பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, 180 டிகிரியில் 12 நிமிஷம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடலாம். நடுவில் மெத்தென்று இருந்தாலும் ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும்.

மண்டபத்திலிருந்து:

அக்கா, மீன் வாடையை மறந்துட்டீங்களே! என் வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவர், எங்கள் ஃப்ரிட்ஜில் நண்டும் சீலா மீனும் இல்லாத நாள் குறைவு. வெண்ணெய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். முதல் கடியிலேயே என் மகன் கேட்டான், "அம்மா, இது சீலா பிஸ்கட்டா?" என்று. பட்டர் பேப்பர் மட்டும் போதாது. உருளையை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்த பிறகுதான் சரியானது. விசைப்படகுத் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஃப்ரிட்ஜில் மீன் குறைவு. ஆனால் அப்போதுதான் வெயில் மண்டையைப் பிளக்கும்!

சாயல்குடியிலிருந்து:

பாதி சர்க்கரைக்குப் பதில் பனங்கருப்பட்டி போட்டுப் பாருங்கள். பொடித்துச் சலித்துத்தான் சேர்க்க வேண்டும், கட்டி கிடந்தால் வெட்டும்போது கத்தி இடறும். மாவு இளகலாக வரும், அதனால் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கிடக்கட்டும். சீக்கிரம் கருகும் என்பதால் 165 டிகிரி போதும். வாசம் அருமை, ஆனால் வெள்ளைச் சர்க்கரை பிஸ்கட்டைவிட வேகமாக நமுக்கும். சுட்ட அன்றே தின்றுவிட வேண்டும்.

கேழ்வரகு மாவில் யாராவது செய்திருக்கிறீர்களா? வெட்டும்போது உதிராமல் நிற்கிறதா?