கல்லாவில் உட்கார்ந்து ஆன்ம விசாரம் பழகுபவர்கள் உண்டா?

வணக்கம். 1902இல் திருவண்ணாமலை விருபாட்ச குகையில் பக்தர் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டதற்கு ரமணர் தந்த பதில்கள்தான் 'நான் யார்?' நூல். அதைப் படித்துத்தான் விசாரம், அதாவது 'நான்' என்பது யார் என்று உள்ளே தேடுவது, பழகுகிறேன். எண்ணம் எழுந்தால் 'இது யாருக்கு?' எனக் கேட்க வேண்டும்; 'எனக்கு' என்று வரும்; அப்புறம் 'நான் யார்?'. விடியற்காலையில் ஓரளவு பிடிபடுகிறது. கடையில்தான் சிக்கல். ஐந்து ரூபாய் சில்லறைக்கு ஒருவர் குரலை உயர்த்தினால் எனக்கும் சுர்ரென்று ஏறுகிறது, கேள்வி நினைவுக்கே வருவதில்லை. வந்தாலும் ஜபம் மாதிரி உதட்டோடு நின்றுவிடுகிறது. மூச்சை அடக்கினால் மனமும் அடங்கும், ஆனால் தற்காலிகமாகத்தான் என்கிறார் ரமணர். அப்படியானால் கோபம் கிளம்பும் நேரத்தில் முதலில் மூச்சா, கேள்வியா? குடும்பம், வியாபாரத்தோடு பழகுபவர்கள் சொல்லுங்கள். திருவண்ணாமலை போய்த் தங்கச் சொல்லாதீர்கள், கடைக்கு ஆள் இல்லை!