பன்முக ஆளுமைக்கு ஹிப்னாடிசம்: ஏற்காட்டு முகாமுக்கு அனுப்பலாமா?

அம்மாப்பேட்டை வாசகி:
வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகளுக்கு, ஒருவருக்குள்ளேயே வெவ்வேறு ஆளுமைகள் மாறி மாறி வெளிப்படும் பன்முக ஆளுமைக் கோளாறு இருப்பதாக மனநல மருத்துவர் பல மாதக் கவனிப்புக்குப் பின் உறுதிசெய்திருக்கிறார். சில வேளைகளில் சிறுமியைப் போலப் பேசுகிறாள். தன் நோட்டையே காட்டி, இது யாருடைய கையெழுத்து என்று கேட்கிறாள். மருத்துவர் நிதானமாகப் பேச்சுவழிச் சிகிச்சை அளித்து வருகிறார். இதற்கிடையே, ஏற்காட்டில் நடக்கும் மூன்று நாள் ஹிப்னாடிச முகாமில் உள்ளே இருப்பவர்கள் அனைவரையும் வரவழைத்து ஒன்றாக்கிவிடுவார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மாமா முன்பணம் கட்டத் தயாராகிவிட்டார். அனுப்பலாமா?

மருத்துவ உளவியலாளர், அஸ்தம்பட்டி:
சகோதரி, அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அறிதுயில் எனப்படும் ஹிப்னாடிசம் இக்கோளாறுக்குப் புதியதன்று. பிரான்சில் உளவியலாளர் பியர் ழானே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதைக் கையாண்டார். இக்கோளாறு உடையவர்கள் மற்றவர்களைவிட எளிதில் அந்நிலைக்குள் போய்விடுவார்கள் என்பதால்தான் அது அவர்களுக்குப் பயன்படவும் செய்கிறது, கேடாகவும் முடிகிறது. அந்நிலையில் இருப்பவரிடம் ‘உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள், பெயரென்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால், இல்லாத ஒருவரும் பெயரோடு வந்து நிற்கக்கூடும். சிறுவயதில் நடந்ததைத் தோண்டினால், நடந்ததும் நடக்காததும் கலந்து, அத்தனையும் உண்மை என்ற உறுதியோடு வெளிவரலாம். இவ்வாறு மீட்கப்படும் நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட நம்பத்தக்கவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985இலேயே அறிவித்தது. வீட்டில் குற்றமற்ற ஒருவர்மீது பழி விழலாம். உண்மையாகவே கொடுமை நடந்திருந்தாலோ, அதைச் சொல்லும் பெண்ணின் பேச்சையே பிறகு எவரும் நம்பாமல் போகலாம்.

உளக்காயம், விலகல் (நினைவும் அடையாளமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துபோதல்) ஆகியவற்றின் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முதலில் பாதுகாப்பும் மனத்தை நிலைப்படுத்துவதும், அதன் பிறகே பழைய காயங்கள், இறுதியில் ஆளுமைகளின் ஒருங்கிணைப்பு என்று சிகிச்சையை வகுக்கிறது. இவை ஆண்டுக்கணக்கில் நீள்பவை. முகாம்காரர் இறுதிக் கட்டத்தை முதல் நாளே தொடங்கிவிடுகிறார்.

சூரமங்கலம் வாசகர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் அறிதுயில் என்றாலே அஞ்ச வேண்டியதில்லை. என் தம்பிக்கு அவனுடைய உளவியலாளரே அதைப் பயன்படுத்தினார், ஆனால் எதையும் தோண்டுவதற்காக அல்ல. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லி, பாதுகாப்பாக உணரும் இடமொன்றை நினைக்கச் சொன்னார். நாங்கள் ஏற்காட்டுக் கிளியூர் அருவி என்றோம். நீரின் இரைச்சல் அவனுக்கு ஆகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவனாகத் தேர்ந்தெடுத்தது பாட்டி வீட்டுத் திண்ணை. அச்சமூட்டும் காட்சிகள் இரவில் வந்தால், அவற்றை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அடுத்த சந்திப்பில் மட்டும் திறப்பதாக நினைக்கப் பழக்கினார். ஒவ்வொரு முறையும் தேதி, இடம், பெயர் ஆகியவற்றைச் சொல்லவைத்து, பாதம் தரையில் பதிவதை உணரச் செய்து, சற்று நேரம் உட்காரவைத்த பிறகே அனுப்புவார். அரை மயக்கத்தோடு ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் இறங்க விடுபவர்களை நான் நம்ப மாட்டேன்.

அம்மாப்பேட்டை வாசகி:
இருவருக்கும் நன்றி. மாமாவோ, ‘கோயிலில் அருள் வருவதில்லையா, அதுபோலத்தான், வரவழைத்துப் பேசினால் போய்விடும்’ என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலியர், ஐந்து ரோடு:
ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலில் அருள் வந்து ஆடுபவர், சடங்கு முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறாரம்மா; அதை எந்த மருத்துவரும் நோய் என்பதில்லை. உங்கள் பெண்ணுக்கு அது வகுப்பிலும் பேருந்திலும் கேட்காமலே வருகிறது. மாமாவிடம் வாதாடாமல், முகாம் நடத்துபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா, இப்போது பார்க்கும் மருத்துவரோடு பேசச் சம்மதிப்பாரா, மறுவாரம் பிள்ளை தூங்காமல் தவித்தால் யார் பொறுப்பு என்று அவரையே கேட்டுவரச் சொல்லுங்கள். செலவுதான் தடை என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் நிலைமை மோசமானால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.